நாளை அறியாத எழுத்து: விக்டோரிய அறிவியலாளர்களின் நாட்குறிப்புகள்

1856ஆம் ஆண்டின் கடைசி இரவு, மணி பத்தரை. லண்டன் வீட்டில் விலங்கியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியின் மனைவி ஹென்ரியட்டா பிரசவ வேதனையில் இருக்கிறார். முப்பத்தொரு வயதுக் கணவர் நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, வரப்போகும் ஆண்டுகளில் தாம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறார். உடலியல், விலங்கியல், புவியியல் ஆகிய துறைகளில் இன்னும் சில ஆண்டுகள் மாணவனாகவே உழைக்க வேண்டும், 1860 வரும்போது எந்த ஆய்வுக்கும் அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டும் என்கிறார். எவ்வளவு பெரிய இடத்தில் இருந்தாலும் போலிகளை அடித்து வீழ்த்த வேண்டும்; அறிவியலுக்கு ஒரு மேன்மையான தொனியைத் தர வேண்டும்; பொய்யைத் தவிர மற்ற எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்; வேலை நடந்தால் போதும், அது தன் பெயரால் அறியப்படுகிறதா என்பதைப் பற்றிக் கவலைப்படக் கூடாது. இவ்வளவும் எழுதிவிட்டு, குழந்தைக்காகக் காத்திருப்பதாகவும், இவையெல்லாம் நிறைவேறும் என்பதற்கு அக்குழந்தையே உறுதிமொழி என்று தமக்குத் தோன்றுவதாகவும் சேர்க்கிறார். அதன் கீழே, பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பிள்ளை பிறந்தது என்றும், கடவுளுக்கு நன்றி என்றும் ஒரு குறிப்பு. தேதி 1857 புத்தாண்டு நாள்.

அதற்கும் கீழே அடுத்த பதிவு 1860 செப்டம்பர் 20ஆம் தேதியைக் கொண்டது. அதே பிள்ளை, நோயல் என்று பெயரிடப்பட்ட தலைமகன், ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் பெற்றோருக்குப் பேரின்பமாக இருந்துவிட்டு, செங்காய்ச்சலில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் இறந்துபோனான். போன வாரம் இதே நாளில் நாங்கள் இருவரும் துள்ளி விளையாடினோம் என்று எழுதுகிறார் ஹக்ஸ்லி. வெள்ளிக்கிழமை முழுவதும் நீலக் கண்களும் கலைந்த பொன்னிற முடியும் கொண்ட அந்தத் தலை தலையணையில் புரண்டுகொண்டே இருந்தது. சனிக்கிழமை இரவு அவன் உடலைத் தூக்கிவந்து, இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இதே அறையில் கிடத்தியதாகச் சொல்கிறார். கடைசியில், மேலே எழுதியிருக்கும் வரிகளைச் சுட்டி, தன் எண்ணம் அன்று நினைத்ததைவிட உயர்ந்த ஒரு பொருளில் நிறைவேறிவிட்டதாக உணர்கிறேன், மனக்கசப்பின்றி அப்படியே ஆகட்டும் என்கிறேன் என்று முடிக்கிறார்.

டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸுடன் ஹக்ஸ்லி மோதியது 1860 ஜூன் 30ஆம் தேதி. பரிணாமக் கொள்கையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த நாளில் நின்று நிதானித்து எழுதுகிறார்கள். அந்த மோதலுக்கும் மேலே சொன்ன பதிவுக்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை. அறிவியல் வரலாற்றில் எனக்கு ஈடுபாடு வந்த நாள் முதல் ஹக்ஸ்லியை ஒரு வாதப் போராளியாகவே அறிந்திருந்தேன். இந்தப் பக்கத்தைப் படித்த பிறகுதான் அந்த வாதங்களுக்குப் பின்னால் எத்தகைய வீடு இருந்தது என்பது புரிந்தது. அந்தக் காலத்து ஆய்வுக் கட்டுரைகளைவிட நாட்குறிப்புகளை அதிகமாகத் தேடிப் படிக்கும் பழக்கம் அதன்பின் வந்ததுதான்.

நாட்குறிப்பின் தனிச்சிறப்பு அந்தரங்கம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது முதன்மையாகத் தோன்றவில்லை. கடிதங்களிலும் அந்தரங்கம் உண்டு. ஆனால் கடிதம் எதிரில் ஒருவரை வைத்துக்கொண்டு எழுதப்படுவது. மகன் இறந்தபின் எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 23 அன்று, சார்லஸ் கிங்ஸ்லிக்கு ஹக்ஸ்லி எழுதிய நீண்ட கடிதம் புகழ்பெற்றது. அதில் துயரம் இருக்கிறது. ஆன்மாவின் அழியாமையை ஆதாரமின்றி ஏற்க மாட்டேன் என்ற வாதமும் இருக்கிறது, ஏனென்றால் படிக்கப்போகிறவர் ஒரு பாதிரியார். தன்வரலாறோ முடிவு தெரிந்தபின் எழுதப்படுவது. எது முக்கியம், எது முக்கியமில்லை என்பதை எழுதுகிறவர் முன்கூட்டியே பிரித்துவிடுகிறார். நாட்குறிப்பு எழுதுகிறவருக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. அறிவியல் எப்படி நடந்தது என்பதை அறிய விரும்புகிறவருக்கு இந்த அறியாமையைவிட மதிப்புள்ளது வேறொன்றும் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

சார்லஸ் டார்வின் 1838 ஆகஸ்டில் ஒரு சிறிய குறிப்பேட்டைத் தொடங்கினார். உணர்ச்சிகளைக் கொட்டி எழுதும் இடமன்று அது. ஆண்டுவாரியாக என்ன வேலை தொடங்கியது, என்ன வேலை முடிந்தது, எங்கே பயணம் போனோம் என்ற கணக்கு. எம்மா திருமணத்துக்கு இசைந்த 1838 நவம்பர் 11ஆம் தேதியை நாட்களிலேயே சிறந்த நாள் என்று ஒரு வரியில் குறித்திருப்பது அதில் அரிதான நெகிழ்ச்சி. 1846 அக்டோபர் 1 அன்று, கடற்பாறைகளிலும் கப்பலின் அடிப்புறத்திலும் ஒட்டிக்கொண்டு வாழும் கொட்டலசுகளைப் பற்றிய ஆய்வு தொடங்குகிறது. 1854 செப்டம்பர் 9 அன்று அவற்றை எல்லாம் கட்டி வைத்தாயிற்று என்ற குறிப்பு. அதே நாளில், உயிரினங்களைப் பற்றிய கோட்பாட்டுக்கான குறிப்புகளை வகைப்படுத்தத் தொடங்கியதாக அடுத்த குறிப்பு. எட்டு ஆண்டு உழைப்பு முடிவதற்கும் உலகையே மாற்றப்போகிற ஒரு நூலுக்கான வேலை தொடங்குவதற்கும் இடையில் ஒரு நாள் ஓய்வுகூட அந்தக் குறிப்பேட்டில் இல்லை.

1858 ஜூன் மாதத்துப் பதிவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜூன் 14: புறாக்கள். அடுத்து அடைப்புக்குறிக்குள் ஒரே சொல்: தடைப்பட்டது. அவ்வளவுதான். தடைக்குக் காரணம் நமக்குத் தெரியும். மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அனுப்பிய கட்டுரை அந்த ஜூன் மாதத்தில் டார்வின் கைக்கு வந்து சேர்ந்தது; இருபது ஆண்டுகளாகத் தாம் பொத்திப் பாதுகாத்த கருத்து வேறொருவர் கையெழுத்தில் இருப்பதைக் கண்டு அவர் நிலைகுலைந்தார். அதே நாட்களில் வீட்டில் மகள் ஹென்ரியட்டா தொண்டை அடைப்பான் நோயால் படுத்திருந்தாள். ஒன்றரை வயதுக் கைக்குழந்தை சார்லஸ் வேரிங் செங்காய்ச்சல் கண்டு ஜூன் 28 அன்று இறந்தான். ஜூலை 1 அன்று இயற்கையியலாளர்களின் சங்கமான லின்னேயன் சொசைட்டியில் டார்வின், வாலஸ் இருவரின் எழுத்துகளும் சேர்த்து வாசிக்கப்பட்டபோது டார்வின் அங்கே இல்லை. ஜூலை 20க்குப் பிறகு, வைட் தீவின் சாண்டவுனில் தங்கியிருந்தபோது, தம் பெரிய நூலின் சுருக்கத்தை எழுதத் தொடங்கியதாகக் குறிப்பேடு சொல்கிறது. அந்தச் 'சுருக்கம்'தான் 1859 நவம்பர் 24 அன்று வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்'. எழுதி அச்சுத் திருத்தம் முடிய பதின்மூன்று மாதமும் பத்து நாளும் ஆயின என்பதையும், 1,250 பிரதிகள் அச்சிடப்பட்டன என்பதையும் டார்வின் அதே குறிப்பேட்டில் கணக்காகப் பதிந்து வைத்தார்.

இதே மனிதர் தம் உடலையும் இப்படியே கணக்கெடுத்தார். 1849 ஜூலை 1 முதல் 1855 ஜனவரி 16 வரை அவர் எழுதிவந்த உடல்நலக் குறிப்புகள் தனித்தாள்களில் இருக்கின்றன. மால்வெர்னில் டாக்டர் கல்லியிடம் நீர்ச்சிகிச்சை பெற்றுத் திரும்பியபின், தோட்டத்தில் உயரமான தொட்டி அமைத்து, அதிலிருந்து விழும் குளிர்நீரில் நின்று, ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் இரவும் எப்படிக் கழிந்தன என்று தனித்தனியே எழுதினார். நல்ல நாளுக்கு இரட்டைக் கோடு; மாத முடிவில் இரட்டைக் கோடுகளை எண்ணிக் கூட்டல். பகலில் கொட்டலசுகளின் கால்களையும் ஓடுகளையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஒப்பிட்ட அதே கை, மாலையில் தன் வயிற்று உபாதையை அட்டவணையாக்கியது. இதை நோயாளியின் மிகைக் கவலை என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அளந்து பார்த்தால் காரணம் புலப்படும் என்ற நம்பிக்கை அவருக்கு ஆய்வு மேசையோடு நின்றுவிடவில்லை. புலப்படவில்லை என்று தெரிந்த பிறகும் ஐந்தரை ஆண்டுகள் அவர் அளப்பதை விடவில்லை.

டார்வினின் குறிப்பேட்டைத் தனியாகப் படித்தால் வீடு கண்ணுக்குத் தெரியாது. அதற்கு எம்மாவின் நாட்குறிப்புகளுக்குப் போக வேண்டும். சட்டைப்பையில் வைக்கத்தக்க சிறிய நாட்குறிப்பேடுகளில், 1824 முதல் 1896இல் தாம் இறக்கும் வரையில், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் விருந்தாளியாக வந்தார், சார்லஸுக்கு இன்று வாந்தியா என்றெல்லாம் எம்மா எழுதிவந்தார். ஒரு வரிக்கு மேல் பெரும்பாலும் இராது. கணவரின் கோட்பாட்டைப் பற்றி அவற்றில் ஏதும் தேடுகிறவர் ஏமாந்து போவார். ஆனால் அந்தக் கோட்பாடு எத்தனை நோயாளிகளின் நடுவே எழுதப்பட்டது, அதற்குத் தேவையான அமைதியை யார் தினந்தோறும் உண்டாக்கித் தந்தார் என்பதை அந்த ஒற்றை வரிகள் காட்டிவிடுகின்றன.

இவ்விடத்தில் கேரலைன் ஓவனையும் சொல்லியாக வேண்டும். ஒப்பீட்டு உடற்கூற்றியலில் அக்காலத்துப் பேரறிஞரான ரிச்சர்ட் ஓவனின் மனைவி அவர். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறக்கும் விலங்குகள் அறுத்து ஆராய்வதற்காக ஓவனிடம் வரும். அறுவைசிகிச்சையாளர் கல்லூரி வளாகத்திலேயே குடியிருந்ததால் ஆய்வுக்கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே தூரம் குறைவு. இறந்த யானையின் ஒரு பகுதி வளாகத்தில் இருந்த நாட்களில், வீட்டுச் சன்னல்களை எல்லாம் திறந்து வைத்ததாகவும், நாற்றம் போவதற்காக வீடு முழுவதும் சுருட்டுப் புகைக்கும்படி கணவரிடம் சொன்னதாகவும் கேரலைன் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஓவனின் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இந்த நாற்றம் இல்லை. உடற்கூற்றியல் என்பது நாற்றத்தோடு வாழ்கிற தொழில் என்பதைச் சொல்வதற்கு வீட்டிலிருந்த ஒருவரின் நாட்குறிப்பு தேவைப்பட்டிருக்கிறது.

மைக்கேல் ஃபாரடேயின் நாட்குறிப்பு வேறு வகை. அது, அவர் பணியாற்றிய ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற லண்டன் அறிவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடக் குறிப்பேடு. 1832 முதல் ஒவ்வொரு பத்திக்கும் தொடர் எண் கொடுத்தார். அந்த எண்கள் 16,000ஐத் தாண்டிச் செல்கின்றன. தம் நினைவாற்றலின் மீது அவருக்கு நம்பிக்கை இல்லை, எனவே பழைய சோதனையை எண்ணைக் கொண்டு தேடி எடுக்கும் ஏற்பாடு அவருக்கு இன்றியமையாததாக இருந்தது. குடும்பச் செய்தி ஏதும் இல்லாத இந்தப் பக்கங்களிலும் மனிதர் நேரில் நிற்கிறார். 1849 மார்ச் 19 அன்று, புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு இருந்தாக வேண்டும் என்று பத்தி பத்தியாக ஊகித்துக்கொண்டே போகிறார். பிறகு சட்டென்று, இதெல்லாம் கனவு என்று பெரிய எழுத்துகளில் எழுதுகிறார். அதோடு நிறுத்தியிருந்தால் அது சோர்வாக இருந்திருக்கும். ஆனாலும் சில சோதனைகளால் இதைச் சோதித்துப் பார் என்று தமக்குத் தாமே கட்டளையிட்டு, இயற்கை விதிகளுக்கு உடன்பட்டதாக இருந்தால், உண்மையாக இருக்க முடியாத அளவுக்கு வியப்பானது எதுவும் இல்லை என்று தொடர்கிறார். சோதனைகள் தோற்றன. தோற்றதை அவர் வெளியிடவும் செய்தார்.

1862 மார்ச் 12 அன்று செய்த சோதனைதான் அந்தக் குறிப்பேட்டின் கடைசிச் சோதனை. சுடரின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, வலிமையான காந்தத்தை இயக்கினால் நிறமாலைக் கோடுகளில் மாற்றம் தெரிகிறதா என்று பார்த்தார். சிறிதளவும் மாற்றம் தெரியவில்லை என்று எழுதினார். எழுபது வயது, கருவி போதவில்லை. இந்தத் தோல்வி அவருடைய வாழ்க்கை வரலாற்றின் வழியே மாக்ஸ்வெல்லுக்குத் தெரிந்து, மாக்ஸ்வெல் எழுதியதைப் படித்த பீட்டர் ஸீமன், ஃபாரடே முயன்ற ஒன்றை மேம்பட்ட கருவியோடு மீண்டும் முயன்று பார்க்கலாம் என்று 1896இல் லைடனில் தொடங்கினார். கோடுகள் அகன்றன. இன்று ஸீமன் விளைவு என்று பாடநூலில் படிப்பது அதைத்தான். ஒரு நாட்குறிப்பில் எழுதப்பட்ட 'இல்லை' என்ற விடை முப்பத்து நான்கு ஆண்டு கழித்து வேலை செய்த கதை இது.

ஃபாரடேயின் இளைய சகாவான ஜான் டிண்டலின் பதிவுகளில் குரல் உரத்து ஒலிக்கும். இரு முனைகளும் இந்துப்புத் தகடுகளால் அடைக்கப்பட்ட ஒரு பித்தளைக் குழாய். அதற்குள் ஒவ்வொரு வாயுவாக நிரப்பி, ஒரு முனையிலிருந்து வெப்பக் கதிரைச் செலுத்தி, மறுமுனையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று, மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டர் ஊசியின் அசைவைக் கொண்டு அளப்பது அவருடைய முறை. கண்ணாடி வெப்பக் கதிரைத் தடுத்துவிடும், இந்துப்பு தடுக்காது. தகடுகளுக்கு அதைத் தேர்ந்தெடுத்த காரணம் அதுவே. 1859 மே மாதத்தில் சில நாட்கள் ஊசி சரியாக நகரவே இல்லை. மே 18 அன்று, நாள் முழுவதும் சோதனை செய்தேன், பொருள் முழுவதுமாக என் கைக்குள் வந்துவிட்டது என்று ஆச்சரியக்குறியோடு எழுதினார். நீராவியும் கரியமில வாயுவும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதைச் சோதனைக்கூடத்தில் அளந்து காட்டிய அந்த ஆய்வு, புவி வெப்பமாதலைப் பற்றிய இன்றைய அறிவியலின் அடிக்கற்களில் ஒன்று. அன்று அவருக்கு அது வாயுக்களைப் பற்றிய ஓர் இயற்பியல் கேள்வி. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அதை யார் எதற்காகப் படிப்பார்கள் என்ற நினைப்பு அந்த மகிழ்ச்சியில் துளியும் இல்லை.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் இந்த வரிசையில் அதிகம் அறியப்படாத ஒருவர்: தாமஸ் ஆர்ச்சர் ஹிர்ஸ்ட். யார்க்‌ஷயரின் ஹெக்மண்ட்வைக்கில் 1830இல் பிறந்தவர். பதினைந்து வயதில் ஹாலிஃபாக்ஸ் நகரில் ஒரு நில அளவையாளரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். இரயில் பாதைகளுக்காக இங்கிலாந்து முழுவதும் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்த காலம் அது. அதே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்தான் அவரைவிடப் பத்து வயது மூத்த டிண்டல். அங்கே தொடங்கிய நட்பு ஹிர்ஸ்ட் 1892இல் இறக்கும் வரை நீடித்தது. 1845இல் தொடங்கிய நாட்குறிப்பும் ஏறத்தாழ அவ்வளவு காலம் நீடித்தது. ஒழுங்காகப் படித்தேனா, நேரத்தை வீணாக்கினேனா என்று தன்னைத் தானே விசாரிக்கும் பையனாக அவர் அதைத் தொடங்கினார். சுயமுன்னேற்றத்தை ஒரு கடமையாகக் கருதிய, பல்கலைக்கழக வாசலை மிதிக்க வசதியில்லாத இளைஞர்களுக்கு அன்று நாட்குறிப்பே ஆசிரியரின் இடத்தில் இருந்தது.

டிண்டலைப் பின்தொடர்ந்து அவரும் ஜெர்மனிக்குப் போய் 1852இல் மார்பர்க்கில் முனைவர் பட்டம் பெற்று, பிறகு பெர்லினில் கணிதமேதை டிரிக்லேயின் வகுப்பில் உட்கார்ந்தார். அந்த வகுப்பைப் பற்றி அவர் எழுதியது எனக்கு ஒரு காட்சியாகவே பதிந்திருக்கிறது. டிரிக்லே கரும்பலகையில் எழுதும்போது முதுகு மாணவர்களை நோக்கி இருக்கும். மற்ற நேரத்தில் உயர்ந்த மேசையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரு கைகளிலும் தலையைத் தாங்கிக்கொண்டு, கண்களைப் பெரும்பாலும் மூடியே வைத்திருப்பார். குறிப்பு ஏதும் இல்லை. கைகளுக்குள் கற்பனையாக ஒரு கணக்கைப் பார்த்து அதைப் படித்துச் சொல்வார். நாமும் அதைப் பார்ப்பது போலவே புரியும். இப்படிப்பட்ட விரிவுரை எனக்குப் பிடிக்கிறது என்று ஹிர்ஸ்ட் முடிக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது குளிக்காமல், காபிக் கோப்பையும் சுருட்டுமாக இருந்தார் என்பதும், கடிகாரத்தை எடுத்துப் பார்த்து மூன்று மணி தாண்டிவிட்டது தெரிந்ததும் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைக்கூட முடிக்காமல் ஓடிவிடுவார் என்பதும் அவர் தரும் செய்திகளே. டிரிக்லேயின் தேற்றங்கள் நூல்களில் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு பெர்லினில் உயர்கணிதம் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு எப்படிச் சென்றது என்பது ஹிர்ஸ்டின் பக்கங்களில்தான் கிடைக்கிறது.

1854இல் அவர் ஆன்னா மார்ட்டினை மணந்தார். 1857 ஜூலையில், பாரிஸில், காசநோயால் ஆன்னா இறந்தார். அதே கோடையில் டிண்டல் அவரை ஆல்ப்ஸ் மலைக்கு அழைத்துப் போனார். மேர் டி கிளாஸ் பனியாற்றின் நகர்வை அளப்பதற்குத் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். ஹாலிஃபாக்ஸில் பழகிய தொழில் அங்கே உதவியது. பனியாறுகள் எப்படி நகர்கின்றன என்ற டிண்டலின் ஆய்வுக்கான அளவீடுகளில் ஒரு பகுதி, மனைவியை இழந்து சில வாரங்களே ஆன ஒரு நண்பனின் கண்ணால் எடுக்கப்பட்டவை. அச்சிட்ட அளவீட்டு அட்டவணையில் இது தெரிய வழியில்லை.

ஹிர்ஸ்டின் நாட்குறிப்பில் வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி எடுத்தாளும் பக்கம் 1864 நவம்பர் 3ஆம் தேதியைப் பற்றியது. ஆல்பெமார்ல் தெருவிலுள்ள செயின்ட் ஜார்ஜ் ஹோட்டலில் எட்டுப் பேர் சேர்ந்து உணவருந்தினார்கள்: டிண்டல், ஹூக்கர், ஹக்ஸ்லி, பஸ்க், ஃப்ராங்க்லண்ட், ஸ்பென்சர், லப்பக், ஹிர்ஸ்ட். அடுத்துச் சேர்ந்த ஸ்பாட்டிஸ்வுட்டோடு ஒன்பது பேராகி, எக்ஸ் கிளப் என்ற பெயரில் மாதந்தோறும் கூடினார்கள். ஓரளவு முக்கியத்துவம் உள்ளதாக இருக்கக்கூடிய ஒரு நிகழ்வு என்றே ஹிர்ஸ்ட் அந்த மாலையைத் தொடங்குகிறார். தங்களை இணைத்தது நட்பு மட்டுமன்று, மதக் கோட்பாடுகளால் தளையிடப்படாத தூய அறிவியலின் மீதான பற்றும்தான் என்கிறார். எங்களுக்குள் ஒளிவுமறைவின்றிப் பேசிக்கொள்கிறோம், நாங்கள் ஒன்றுபட்டுச் செயல்பட்டால் பயன்படக்கூடிய வாய்ப்புகள் வரும் என்பதில் ஐயமில்லை என்றும் சேர்க்கிறார். வாய்ப்புகள் வந்தன. 1873 முதல் 1885 வரை ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியில் ஹூக்கர், ஸ்பாட்டிஸ்வுட், ஹக்ஸ்லி என்று இந்த ஒன்பது பேரில் மூவர் அடுத்தடுத்து அமர்ந்தார்கள். விக்டோரிய அறிவியலை ஆட்டிப்படைத்த சதிக்கூட்டம் என்று அதைப் பார்ப்பவர்கள் ஹிர்ஸ்டின் மற்றப் பதிவுகளையும் படிக்க வேண்டும். யார் வந்தார், யார் வரவில்லை, என்ன பேசினார்கள் என்று அவர் வரவுப் பதிவேடு போலவே எழுதிக்கொண்டு போகிறார். மாதம் ஒருமுறை சந்தித்தே தீர வேண்டும் என்று விரும்பிய, ஆண்டுகள் செல்லச் செல்ல நோயாலும் களைப்பாலும் வர முடியாமல் போன நண்பர்கள்தான் அங்கே தெரிகிறார்கள். செல்வாக்கு உண்மைதான். ஆனால் அது சாப்பாட்டு மேசையில் நட்பிலிருந்து முளைத்தது என்பதும் அவ்வளவே உண்மை, அந்த இரண்டாவது உண்மைக்கு ஹிர்ஸ்ட்தான் நமக்குள்ள நல்ல சாட்சி.

இவர்கள் எல்லோரும் வென்றவர்கள். தோற்றவர் ஒருவரின் நாட்குறிப்பும் நமக்கு இருக்கிறது. சசெக்ஸின் லூயிஸ் நகரத்து மருத்துவர் கிடியன் மான்டெல், பகலிலும் இரவிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, கிடைத்த நேரத்தில் புதைபடிவங்களைத் தேடி, இகுவானோடான் என்ற டைனோசரின் பற்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர். 1818இல் தொடங்கிய அவருடைய நாட்குறிப்பு 1852 வரை செல்கிறது. 1833இல் பிரைட்டனுக்குக் குடிபெயர்ந்தார். வீடே அருங்காட்சியகமாக மாறியது. எலும்பு பார்க்க வந்தவர்களே அதிகம், மருத்துவத்துக்கு வந்தவர்கள் குறைவு. 1838இல் சேகரிப்பு முழுவதையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு 4,000 பவுண்டுக்கு விற்றார். அடுத்த ஆண்டு மனைவி பிரிந்து சென்றார். மகன் வால்டர் நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். 1840இல் மகள் ஹன்னா இறந்தாள். 1841 அக்டோபர் 11 அன்று கிளாபம் வெளியில் நடந்த குதிரை வண்டி விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, மீதமிருந்த பதினொரு ஆண்டுகளும் வலியிலேயே கழிந்தன. வலியைக் குறைக்க அபினி, அபினியோடு விரிவுரைகள், விரிவுரைக்குப் பின் இரவெல்லாம் தூக்கமின்மை. இவற்றை அவர் மருத்துவருக்குரிய துல்லியத்தோடு எழுதுகிறார்.

அவரைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. அதே ஆண்டுகளில் ரிச்சர்ட் ஓவன் 1842இல் 'டைனோசோரியா' என்ற பெயரைச் சூட்டி அத்துறையின் தலைமகனாகிவிட்டார். மான்டெலின் பக்கங்களில் ஓவன் மீதான மனக்குறை திரும்பத் திரும்ப வருகிறது. ஓவனின் நடத்தை பல இடங்களில் நியாயமற்றதாகவே இருந்தது. 1849இல் மான்டெலுக்கு ராயல் பதக்கம் கிடைப்பதையும் அவர் எதிர்த்தார். ஆனாலும் வலியில் இருக்கும் மனிதர் நள்ளிரவில் எழுதும் குற்றச்சாட்டை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாட்குறிப்பு பொய் சொல்லாது என்ற நம்பிக்கையும் தவறானதே: எழுதுகிறவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதை அது உண்மையாகச் சொல்கிறது, அவ்வளவுதான். 1852 நவம்பர் 10 அன்று அளவுக்கு மீறிய அபினியால் மான்டெல் இறந்தார். வளைந்துபோன அவருடைய முதுகெலும்பின் ஒரு பகுதி, அறுவைசிகிச்சையாளர் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டது. நாட்குறிப்பு மகன் வழியே நியூசிலாந்து சென்று, இன்று வெலிங்டனில் அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகத்தில் இருக்கிறது.

எஞ்சியவை எல்லாம் இப்படி யாரோ ஒருவர் காப்பாற்றியதால் எஞ்சியவை. 1893 டிசம்பரில் டிண்டலுக்கு மனைவி லூயிசா மருந்து மாறிக் குளோரல் என்ற தூக்க மருந்தைக் கொடுத்துவிட, அவர் இறந்தார். அதன்பின் நாற்பத்தேழு ஆண்டுகள் உயிர்வாழ்ந்த லூயிசா கணவரின் தாள்களைத் திரட்டுவதிலேயே காலத்தைச் செலவிட்டார். அவர் எழுத நினைத்த வாழ்க்கை வரலாறு மட்டும் அவர் கையால் முடியவில்லை, 1945இல்தான் வேறிருவர் எழுதி வெளிவந்தது. ஹக்ஸ்லி இளமையில் ராட்டில்ஸ்நேக் கப்பலில் எழுதிய நாட்குறிப்பைப் பேரன் ஜூலியன் 1935இல் பதிப்பித்தார். நோயலைப் பற்றிய அந்தப் பக்கத்தை 1900இல் அச்சேற்றியவர் ஹக்ஸ்லியின் மகன் லியோனார்ட். நோயல் இறந்து மூன்று மாதம் முடிவதற்குள் பிறந்தவர். காப்பாற்றப்படாதவர்களின் பட்டியல் நீண்டது. ஃபாரடேயின் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் உடனிருந்து உழைத்த முன்னாள் பீரங்கிப் படை வீரர் சார்ஜென்ட் ஆண்டர்சனின் பார்வையில் அந்த ஆய்வுக்கூடம் எப்படி இருந்தது என்று அறிய நமக்கு ஒரு பக்கம்கூட இல்லை. நாட்குறிப்புகளைக் கொண்டு எழுதப்படும் அறிவியல் வரலாறு, எழுதுவதற்கு நேரமும் மேசையும் வாய்த்தவர்களின் வரலாறாகச் சுருங்கிவிடும் ஆபத்தை நாம் மறக்கக் கூடாது.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். டார்வினின் குறிப்பேடும் எம்மாவின் நாட்குறிப்புகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1858ஆம் ஆண்டை எடுத்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையில், இருவர் எழுதியதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். கணவரின் பக்கம் விரைவில் முடிந்துவிடும். எம்மாவின் பக்கத்தில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், கையெழுத்து சிறியது, பெயர்களெல்லாம் சுருக்கமாக இருக்கும், எந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார் என்பது பிடிபட இரண்டு மூன்று மாதப் பதிவுகளையாவது தாண்ட வேண்டும்.